ஆற்றல் ஓட்டமும் கார்பன் சுழற்சியும்: ஒரு சூழலியல் கருத்தின் வரலாறு

சூழல் மண்டலத்தில் சூரிய ஆற்றலைத் தாவரங்கள் பிடித்து வேதி ஆற்றலாகச் சேமிக்கின்றன. அது உயிரிலிருந்து உயிருக்குக் கைமாறி, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பமாகக் கரைந்து வெளியேறுகிறது. இதுவே ஆற்றல் ஓட்டம் எனப்படுகிறது. அதே வழியில் கார்பன் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் உயிர்களுக்குள் நுழைந்து, சுவாசத்தாலும் சிதைவாலும் மீண்டும் காற்றுக்கும் நீருக்கும் திரும்புகிறது. இது கார்பன் சுழற்சி. ஆற்றல் ஒருவழியாகச் செல்வது; கார்பன் திரும்பத் திரும்பப் பயன்படுவது. இந்த வேறுபாடே சூழல் மண்டலத்தைப் புரிந்துகொள்வதற்கான அடிப்படை.

இன்று பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறும் இக்கருத்து உருப்பெற முந்நூறு ஆண்டுகள் ஆயின. வேதியியலாளர்கள், மருத்துவர்கள், விலங்கியலாளர்கள், ஏரி ஆய்வாளர்கள் ஆகியோர் தனித்தனியாகக் கண்டறிந்தவற்றை ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தது 1942இல் வெளியான ஒரு கட்டுரை. அதை எழுதிய ரேமண்ட் லிண்டமன் தன் கட்டுரை அச்சாவதைக் காணவில்லை.

தாவரம் எதனால் ஆனது?

தாவரத்தின் உடல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியே இந்த வரலாற்றின் தொடக்கம். தாவரம் மண்ணை உண்டு வளர்கிறது என்பதே ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை. பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த மருத்துவர் யான் பாப்டிஸ்டா வான் ஹெல்மான்ட் இதைச் சோதித்தார். உலர்த்திய 200 பவுண்டு மண்ணை ஒரு தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு மேல் வளர்ந்தது. மண்ணின் எடையில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்சு மட்டுமே. மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். அவர் மறைந்த பின் 1648இல் இந்தச் சோதனை நூலாக வெளிவந்தது.

மண் உணவல்ல என்ற பாதி முடிவு சரி; நீர் மட்டுமே உணவு என்ற மறுபாதி தவறு. 'வாயு' என்று நாம் இன்று அழைக்கும் பொருளுக்கு 'கேஸ்' என்ற சொல்லை உருவாக்கியவரும் வான் ஹெல்மான்ட்தான். மரக்கரியை எரிக்கும்போது ஒரு வாயு வெளியேறுவதையும் அவர் விவரித்திருந்தார். அந்த வாயு கார்பன் டை ஆக்சைடு. தன் வில்லோ மரத்தின் பெரும்பகுதி அதிலிருந்தே வந்தது என்பதை அவர் அறியவில்லை.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் விடை படிப்படியாகத் தெளிந்தது. 1771இல் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த மூடிய காற்றில் ஒரு புதினாக் கிளையை வைத்தார். சில நாட்களுக்குப் பின் அக்காற்றில் மெழுகுவர்த்தி மீண்டும் எரிந்தது. இதற்கு ஒளி தேவை என்பதையும், தாவரத்தின் பச்சைப் பகுதிகளே இதைச் செய்கின்றன என்பதையும் 1779இல் யான் இங்கன்ஹவுஸ் காட்டினார். தாவரங்கள் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கின்றன என்று ஜெனீவாவின் ஜான் செனபியே நிறுவினார். அதே நகரின் நிக்கோலா தியோடோர் த சோசூர் 1804இல் எடைகளைக் கணக்கிட்டு, தாவரத்தின் எடை கூடுவதில் கார்பன் டை ஆக்சைடுடன் நீருக்கும் பங்குண்டு எனக் காட்டினார்.

இதற்கிடையே பிரான்சில் அந்துவான் லவோசியேவும் பியர் சிமோன் லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் ஒரு கினிப் பன்றியை வைத்து, அதன் உடல் வெப்பத்தால் உருகிய பனியை அளந்தனர். விலங்கின் சுவாசமும் கரி எரிவதும் ஒரே வகையான நிகழ்வு என்பது இதிலிருந்து பெறப்பட்டது. தாவரம் கட்டுவதை விலங்கு மெதுவாக எரிக்கிறது என்ற சித்திரம் இவ்வாறு உருவானது.

ஆற்றலின் கணக்கு

பொருளின் கணக்கு தெளிந்த பிறகும் ஆற்றலின் கணக்கு எஞ்சியிருந்தது. அதை எழுப்பியவர் ஜெர்மன் மருத்துவர் யூலியுஸ் ராபர்ட் மேயர். 1840இல் டச்சுக் கப்பல் ஒன்றில் மருத்துவராக ஜாவாவுக்குச் சென்றபோது, வெப்ப நாட்டில் மாலுமிகளின் சிரை இரத்தம் வழக்கத்தைவிடச் சிவப்பாக இருப்பதை அவர் கவனித்தார். சுற்றுப்புறம் வெப்பமாக இருப்பதால் உடல் குறைவாகவே எரிக்கிறது, ஆகவே ஆக்சிஜனைக் குறைவாகவே செலவிடுகிறது என்று அவர் விளக்கினார். அந்தச் சிந்தனை அவரை ஆற்றல் அழிவின்மைக் கொள்கைக்கு இட்டுச் சென்றது. 1845இல் வெளியிட்ட நூலில், தாவரங்கள் சூரிய ஒளியின் ஆற்றலை வேதி ஆற்றலாக மாற்றிச் சேமிக்கின்றன என்றும், விலங்குகளின் இயக்கத்துக்கு அதுவே மூலம் என்றும் எழுதினார்.

இந்தக் கருத்து வயலில் அளக்கப்பட மேலும் எண்பது ஆண்டுகள் ஆயின. 1926இல் அமெரிக்கத் தாவரவியலாளர் எட்கர் டிரான்சோ ஒரு ஏக்கர் மக்காச்சோள வயலின் ஆற்றல் வரவு செலவைக் கணக்கிட்டார். வளர்பருவத்தில் வயலின் மீது விழும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ 1.6 விழுக்காட்டையே பயிர் ஒளிச்சேர்க்கையில் பயன்படுத்துகிறது என்பது அவர் கண்ட முடிவு. நன்கு பராமரிக்கப்பட்ட வளமான வயலிலேயே நிலை இதுதான்.

உணவுச் சங்கிலியும் சூழல் மண்டலமும்

விலங்கியலாளர்கள் இதே கேள்வியை வேறு திசையிலிருந்து அணுகினர். 1921இல் ஆக்ஸ்போர்டு மாணவரான சார்லஸ் எல்டன் ஆர்க்டிக் பகுதியின் ஸ்பிட்ஸ்பெர்கனுக்குச் சென்ற ஆய்வுக் குழுவில் இடம்பெற்றார. அங்கு உயிரினங்கள் குறைவு. ஆகவே எது எதை உண்கிறது என்பதை ஏறத்தாழ முழுமையாகவே வரைந்துவிட முடிந்தது. 1927இல் வெளியான 'விலங்குச் சூழலியல்' என்ற நூலில் எல்டன் உணவுச் சங்கிலி என்ற கருத்தை நிலைநாட்டினார். சங்கிலியில் மேலே செல்லச் செல்ல உயிரிகளின் உடல் பெரிதாகிறது, எண்ணிக்கை குறைகிறது என்பதையும் அவர் சுட்டினார். இது எண்ணிக்கைப் பிரமிடு எனப்பட்டது. எல்டன் இதை உடல் அளவு, இனப்பெருக்க வேகம் ஆகியவற்றைக் கொண்டு விளக்கினார். ஆற்றல் இழப்பு அவர் விளக்கத்தின் மையமாக அமையவில்லை.

ஜெர்மனியில் ஏரிகளை ஆராய்ந்த ஆகஸ்ட் தீனமன் உயிரிகளை உற்பத்தி செய்வோர், நுகர்வோர், சிதைப்போர் எனப் பிரித்தார். 1935இல் பிரித்தானியத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி 'எகோசிஸ்டம்' என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். அன்றைய அமெரிக்கச் சூழலியலில் ஃபிரெடரிக் கிளெமென்ட்ஸின் செல்வாக்கு மிகுதி. ஒரு தாவரக் கூட்டத்தைப் பிறந்து, வளர்ந்து, முதிரும் ஓர் உயிரியாகவே அவர் கண்டார். டான்ஸ்லி இதை மறுத்தார். உயிர்களையும் மண், நீர், காற்று ஆகிய உயிரற்ற கூறுகளையும் சேர்த்து, இயற்பியலாளர் காணும் ஓர் அமைப்பைப் போலவே காண வேண்டும் என்றார். ஆனால் அந்த அமைப்பை எந்த அலகால் அளப்பது என்பதை அவர் கூறவில்லை.

சீடர் பாக் ஏரி

அந்த அலகைத் தந்தவர் ரேமண்ட் லாரல் லிண்டமன் (1915–1942). அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்தவர். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு மினியாபொலிஸ் நகருக்கு வடக்கே உள்ள சீடர் பாக் என்னும் சிறிய ஏரியைத் தேர்ந்தெடுத்தார். அது ஆழம் மிகக் குறைந்த, வண்டல் நிறைந்து சதுப்பாக மாறிக்கொண்டிருந்த முதிய ஏரி. குளிர்காலத்தில் பனிக்கட்டி மூடும்போது அதன் நீரில் ஆக்சிஜன் வற்றிவிடும்.

லிண்டமனும் அவர் மனைவி எலினாரும் ஐந்து ஆண்டுகள் இந்த ஏரியை ஆராய்ந்தனர். மிதவை உயிரிகள், நீர்த் தாவரங்கள், அடிச்சேற்றில் வாழும் புழுக்கள், பூச்சிகளின் இளவுயிரிகள், மீன்கள் என அனைத்தையும் சேகரித்து எடைபோட்டனர். எல்லா வகை உயிரிகளையும் ஒரே ஏரியில், பருவந்தோறும், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்த ஆய்வுகள் அன்று அரிது.

1941இல் முனைவர் பட்டம் பெற்ற பின் லிண்டமன் யேல் பல்கலைக்கழகத்தில் ஜி. எவலின் ஹட்சின்சனிடம் ஆய்வு உதவித்தொகையில் சேர்ந்தார். ஹட்சின்சன் இங்கிலாந்தில் பிறந்தவர். 1932இல் யேல் பல்கலைக்கழகத்தின் வட இந்திய ஆய்வுப் பயணத்தில் பங்கேற்று லடாக்கின் உயர்மலை ஏரிகளை ஆராய்ந்தவர். ஏரியின் உயிர்ச் செயல்பாடுகளைக் கணித வடிவில் எழுத முடியும் என்பது அவர் எண்ணம். லிண்டமனிடம் அளவுகள் இருந்தன. ஹட்சின்சனிடம் குறியீட்டு முறை இருந்தது. இரண்டும் சேர்ந்து புதிய கட்டுரை உருவானது.

லிண்டமன் செய்தது தோற்றத்தில் எளிமையானது. உயிரிகளை இனங்களாக எண்ணுவதற்குப் பதிலாக, உணவு பெறும் முறையைக் கொண்டு அவற்றை ஊட்டநிலைகளாகத் தொகுத்தார். தாவரங்கள் முதல் நிலை, அவற்றை உண்பவை அடுத்த நிலை, அவற்றையும் உண்பவை அதற்கடுத்த நிலை. ஒவ்வொரு நிலையின் ஆண்டு உற்பத்தியையும் கலோரியாக மாற்றினார். சுவாசத்தில் செலவானது, பிற உயிரிகளால் உண்ணப்பட்டது, சிதைந்தது ஆகியவற்றையும் கூட்டிக் கணக்கைச் சரிசெய்தார். பாசி, புழு, மீன் ஆகிய மூன்றையும் ஒரே அலகில் ஒப்பிட இதனால் வழி பிறந்தது.

சீடர் பாக் ஏரியின் கணக்கு இது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,18,900 கலோரி சூரிய ஆற்றல் விழுகிறது. தாவரங்களின் உற்பத்தி 111.3 கலோரி, அதாவது விழுவதில் 0.1 விழுக்காடு. தாவர உண்ணிகளின் உற்பத்தி 14.8 கலோரி. அவற்றை உண்பவற்றின் உற்பத்தி 3.1 கலோரி. விஸ்கான்சின் மாநிலத்தின் மென்டோட்டா ஏரிக்குச் சான்சி ஜூடே தொகுத்திருந்த அளவுகளைக் கொண்டு அதே கணக்கைச் செய்தபோது தாவரங்களுக்கு 480 கலோரியும், தாவர உண்ணிகளுக்கு 41.6 கலோரியும், அடுத்த நிலைக்கு 2.3 கலோரியும் கிடைத்தன.

எல்டனின் பிரமிடுக்கு இதில் விளக்கம் இருந்தது. ஒரு நிலையிலுள்ள ஆற்றலின் பெரும்பகுதி அந்த நிலையிலேயே சுவாசமாகச் செலவாகிறது, அல்லது உண்ணப்படாமல் சேற்றுக்குச் செல்கிறது. மேல்நிலைக்குச் செல்வது சிறு பகுதி. ஆகவே உணவுச் சங்கிலி நான்கு ஐந்து கண்ணிகளுக்கு மேல் நீள்வது அரிது. வேட்டை விலங்குகள் எங்கும் குறைவாகவே இருப்பதற்கு வெப்ப இயக்கவியலில் காரணம் கிடைத்தது.

கட்டுரையின் மற்றொரு கூறு அன்று அதிகம் கவனிக்கப்படவில்லை. லிண்டமன் வரைந்த உணவுச் சுழற்சிப் படத்தின் நடுவில் மீனோ தாவரமோ இல்லை, அடிச்சேறு இருந்தது. இறந்த தாவரங்களும் விலங்குகளும் கழிவுகளும் சேற்றில் சேர்கின்றன. பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைத்துக் கார்பன் டை ஆக்சைடையும் உப்புகளையும் நீருக்குத் திருப்பித் தருகின்றன. சிதையாமல் எஞ்சுவது படிந்து ஏரியை மேடாக்குகிறது. ஏரி சதுப்பாகி நிலமாவதற்கு, திரும்பிச் செல்லாத இந்தக் கார்பனே ஒரு காரணம்.

நிராகரிப்பும் மறைவும்

1941 இறுதியில் இக்கட்டுரை 'எகாலஜி' ஆய்விதழுக்கு அனுப்பப்பட்டது. மதிப்பிட்ட இருவரும் அன்றைய அமெரிக்க ஏரியியலின் மூத்த அறிஞர்கள். ஒருவர் மிச்சிகனின் பால் வெல்ச், மற்றவர் சான்சி ஜூடே. இருவருமே வெளியிட வேண்டாம் என்றனர். ஓரிரு ஏரிகளின் அளவுகளை வைத்து எல்லா ஏரிகளுக்கும் பொதுவான கோட்பாடு சொல்வது அவசரம் என்பது அவர்கள் தரப்பு. கோட்பாட்டுக் கட்டுரைகளுக்கு இதழில் இடமில்லை என்ற எண்ணமும் அதில் இருந்தது.

இந்த எதிர்ப்பை வெறும் பழமைவாதமாகக் கொள்ள முடியாது. ஜூடே தாமே 1940இல் ஓர் ஏரியின் ஆண்டு ஆற்றல் வரவு செலவை வெளியிட்டவர். பல பத்தாண்டுகள் விஸ்கான்சினின் நூற்றுக்கணக்கான ஏரிகளை அளந்தவர். ஒவ்வொரு ஏரியும் தனி இயல்புடையது என்பது அவர் அனுபவம். லிண்டமனின் அளவுகளில் சில பிற ஆய்வுகளிலிருந்து பெற்ற ஊகங்கள் என்பதும் உண்மை. அளவுகள் போதிய அளவு சேரும் வரை காத்திருப்பதா, அளக்கவேண்டியது எது என்று காட்டும் கோட்பாட்டை முன்வைப்பதா என்பதே இங்கு எழுந்த கேள்வி.

ஹட்சின்சன் இதழாசிரியர் தாமஸ் பார்க்கிற்கு எழுதி வாதிட்டார். கோட்பாடு இன்றி அளவுகள் மட்டும் குவிவதால் பயனில்லை என்பது அவர் நிலைப்பாடு. லிண்டமன் கட்டுரையைத் திருத்தி மீண்டும் அனுப்பினார். மதிப்பீட்டாளர்களின் கருத்தை மீறிப் பார்க் அதை 1942இல் ஏற்றுக்கொண்டார். காலம் தீர்ப்பளிக்கட்டும் என்பது அவர் எண்ணமாக இருந்தது.

லிண்டமன் நெடுநாளாகக் கல்லீரல் நோயால் அவதியுற்று வந்தார். 1942 ஜூன் 29 அன்று, 27ஆம் பிறந்தநாளுக்குச் சில வாரங்களே இருக்கையில் காலமானார். கட்டுரை அவ்வாண்டு அக்டோபர் இதழில் ஹட்சின்சனின் பின்குறிப்புடன் வெளிவந்தது.

கோட்பாட்டின் வளர்ச்சியும் திருத்தமும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இக்கருத்து விரைவாகப் பரவியது. 1953இல் யூஜின் ஓடம் எழுதிய பாடநூல் சூழலியலைச் சூழல் மண்டலத்திலிருந்து தொடங்கிக் கற்பித்தது. அவருடைய தம்பி ஹோவர்டு ஓடம் ஹட்சின்சனின் மாணவர். அவர் புளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றை ஆராய்ந்து 1957இல் வெளியிட்ட கணக்கு இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. அங்கு தாவரங்களின் மொத்த உற்பத்தி ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 20,810 கிலோகலோரி. தாவரங்களின் சொந்தச் சுவாசம் போக எஞ்சியது 8,833. தாவர உண்ணிகளிடம் சென்றது 3,368. ஊன் உண்ணிகளிடம் 383. உச்சநிலை வேட்டையாடிகளிடம் சென்றது 21 மட்டுமே.

லிண்டமனின் முடிவுகளில் சில நிலைக்கவில்லை. மேல்நிலைக்குச் செல்லச் செல்ல உயிரிகள் உணவை மேலும் திறமையாகப் பயன்படுத்துகின்றன என்று அவர் கருதினார். பிற்கால அளவீடுகள் இதைப் பொது விதியாக உறுதிசெய்யவில்லை. அவர் பெயரால் வழங்கும் 'பத்து விழுக்காடு விதி'யும் ஒரு தோராயமே. மாறாத எண் ஒன்றை லிண்டமன் முன்வைக்கவில்லை. அவர் கண்ட எண்களே ஏரிக்கு ஏரி வேறுபட்டன. பல உயிரிகள் ஒன்றுக்கு மேற்பட்ட நிலைகளில் உண்பதால் ஊட்டநிலை என்ற பிரிவும் முற்றிலும் தெளிவானதல்ல.

மாறாக, சேற்றை நடுவில் வைத்த அவரது படம் காலப்போக்கில் வலுப்பெற்றது. ஜார்ஜியாவின் உவர்சதுப்பு நிலத்தை ஆராய்ந்த ஜான் டீல், அங்கு புல்லின் பெரும்பகுதி பசுமையாக உண்ணப்படாமல் மட்கியே உணவு வலைக்குள் செல்கிறது என்று 1962இல் காட்டினார். கடலில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களின் வழியே பெருமளவு கார்பன் செல்கிறது என்பதை 1974இல் லாரன்ஸ் பொமராயும், 1983இல் ஃபரூக் ஆசமும் அவர் குழுவினரும் எடுத்துரைத்தனர்.

கலோரியிலிருந்து கார்பனுக்கு

1940இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மார்ட்டின் கேமனும் சாமுவேல் ரூபனும் கார்பன்-14 என்னும் கதிரியக்க ஐசோடோப்பைக் கண்டறிந்தனர். கார்பன் செல்லும் பாதையைப் பின்தொடர இது வழிவகுத்தது. ஒளிச்சேர்க்கையில் கார்பன் கடக்கும் வேதிப் படிகளை மெல்வின் கால்வின் குழுவினர் இதைக் கொண்டே கண்டறிந்தனர். அதற்காகக் கால்வின் 1961இல் நோபல் பரிசு பெற்றார். டென்மார்க்கின் ஐனார் ஸ்டீமன் நீல்சன் 1950–52இல் உலகைச் சுற்றிய கலாத்தியா கப்பல் பயணத்தில் கடல்நீரில் கார்பன்-14ஐச் சேர்த்து, மிதவைத் தாவரங்கள் அதை எவ்வளவு உட்கொள்கின்றன என்று அளந்தார்.

ஆற்றலும் கார்பனும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பதால், கலோரியில் எழுதப்பட்ட வரவு செலவைக் கார்பன் எடையிலும் எழுத முடிந்தது. இதன் முக்கியத்துவம் காற்றை அளந்தபோது தெரிந்தது. 1958 மார்ச்சில் சார்லஸ் டேவிட் கீலிங் ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். முதல் அளவு பத்து லட்சத்தில் 313 பங்கு. அது மே மாதம் வரை ஏறி, இலையுதிர்காலம் வரை இறங்கி, மீண்டும் ஏறியது. வட அரைக்கோளத்தின் காடுகளும் வயல்களும் கோடையில் கார்பனை உள்ளிழுத்துக் குளிர்காலத்தில் வெளிவிடுவது ஒரே வரைபடத்தில் புலப்பட்டது. ஒரு குடுவைக்குள் பிரீஸ்ட்லியின் புதினா செய்ததை இங்கு அரைக்கோளம் முழுவதும் செய்தது.

அந்த ஏற்ற இறக்கத்துக்கு அடியில் மற்றொன்றும் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் வளைவு முந்தைய ஆண்டைவிடச் சற்று உயரத்தில் முடிந்தது. 2020களில் அது 420ஐக் கடந்தது. நிலக்கரியும் பெட்ரோலியமும் பழங்காலத் தாவரங்களும் மிதவை உயிரிகளும் பிடித்த கார்பன். சீடர் பாக் ஏரியின் சேற்றைப் போலவே சிதையாமல் புதைந்தவை. பல கோடி ஆண்டுகளில் சிறுகச் சிறுக ஒதுக்கப்பட்ட அந்தச் சேமிப்பு சில தலைமுறைகளுக்குள் எரிக்கப்படுகிறது. வெளியாகும் கார்பனில் ஏறத்தாழப் பாதி காற்றில் தங்குகிறது. மீதியைக் கடலும் நிலத்தாவரங்களும் ஏற்கின்றன.

உலகத் தாவரங்கள் சுவாசம் போக ஆண்டுக்கு எவ்வளவு கார்பனைச் சேர்க்கின்றன என்பது செயற்கைக்கோள் அளவுகளைக் கொண்டு 1998இல் மதிப்பிடப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 10,500 கோடி டன். இதில் நிலத்தின் பங்கு பாதிக்குச் சற்று மேல். கடலின் பங்கு பாதிக்குச் சற்றுக் கீழ். எடையில் காடுகளுக்கு அருகில்கூட வராத கடல் மிதவைத் தாவரங்கள், சில நாட்களிலேயே பெருகி உண்ணப்பட்டு மறைவதால் ஏறத்தாழ நிலத்துக்கு இணையாக உற்பத்தி செய்கின்றன. இருக்கும் அளவும் ஓடும் அளவும் வெவ்வேறு என்ற லிண்டமனின் அடிப்படைப் பார்வைக்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை.

இன்றைய நிலை

லிண்டமன் ஆராய்ந்த ஏரி இன்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் சீடர் கிரீக் ஆய்வுக் காப்பகத்துக்குள் உள்ளது. 1990களின் இறுதி முதல் அங்குள்ள புல்வெளிப் பாத்திகளில் கூடுதல் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி, மாறிவரும் காற்றில் தாவரங்கள் எவ்வளவு கார்பனைப் பிடிக்கும், மண் அதில் எவ்வளவைத் தக்கவைக்கும் என்று ஆராய்ந்து வருகின்றனர். காடு வளர்ப்பு, சதுப்புநிலப் பாதுகாப்பு, மீன்பிடி அளவு, நாடுகளின் கார்பன் கணக்கு ஆகிய அனைத்தும் இன்று இத்தகைய வரவு செலவுக் கணக்கையே நம்பியுள்ளன. எவ்வளவு நுழைகிறது, எவ்வளவு எரிகிறது, எவ்வளவு புதைகிறது என்ற மூன்று கேள்விகளும் 1942இல் அந்தச் சிறிய ஏரிக்குக் கேட்கப்பட்டவையே.